இறங்கி நின்று பேசுவது

செய்தி வந்தபோது பகல் இரண்டேகால் மணி. லிஃப்ட் மெக்கானிக் ஒரு பெட்ரோல் பங்கில் நின்று தன் காருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசிச் சக்கரத்துக்குக் குனிந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. மச்சினன்.

"அத்தான்" என்றான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. அது தேய்ந்து மறைந்த பிறகு, "அக்கா போயிட்டா அத்தான். தூங்குறாள்னு நெனச்சு நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன்" என்றான்.

"சரி" என்றார்.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"எங்க அக்கா ஊருக்கு வந்துட்டேன். இன்னும் ரெண்டு தெரு."

"புள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்லப்போறீங்க?"

"சரி" என்றார் மறுபடியும். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. "சார், முடிஞ்சிருந்தா கொஞ்சம் முன்னால எடுங்க" என்றார் பங்க்காரர். எடுத்தார். ஓரமாக நிறுத்தி, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளி விடுமுறைக்கு அக்கா வீட்டில் விட்டிருந்த பிள்ளைகளைக் கூட்டி வரத்தான் காலையில் கிளம்பியிருந்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மனைவிதான் அனுப்பினாள். "புள்ளைங்களப் பாக்கணும் போல இருக்கு. போய்க் கூட்டிட்டு வாங்களேன்" என்று முந்தைய நாள் கேட்டாள். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் வந்துவிடலாம் என்று டாக்டரிடம்கூடக் கேட்டுக்கொண்டுதான் புறப்பட்டார். அவரும் தலையாட்டினார். யார் தலையாட்டி என்ன?

மெக்கானிக்குக்குப் பேச வராது. அவர் வேலையும் அப்படி. இருட்டுக் குழிக்குள், எண்ணெய் பூசிய கம்பிவடங்களுக்கு நடுவே, தலையில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை. நடுவழியில் லிஃப்ட் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் மட்டும் பேசியாக வேண்டும். அதற்கும் ஒரே வாசகம்தான் வைத்திருந்தார்: "நான் வெளியிலதான் நிக்கிறேன். அவசரமில்ல." எத்தனை நிமிஷம் ஆகும் என்று உள்ளேயிருந்து கேட்பார்கள். சொல்ல மாட்டார். பத்து நிமிஷம் என்று சொன்னால் பதினோராவது நிமிஷம் கதவை உதைப்பார்கள் என்பது அனுபவம்.

அவள் நேர்மாறு. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். நிலையத்து மாடி அலுவலகத்தின் லிஃப்ட் ஒருமுறை மக்கர் செய்தபோது இவர் போயிருந்தார். கூண்டின் தலைமேல் உட்கார்ந்து நட்டைக் கழற்றிக்கொண்டிருக்கையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ஏதோ ஒரு பேருந்து தாமதம் என்றது. அந்தத் தாமதத்தை அது ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொன்னது. நட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த பேருந்து தாமதமாகும் வரை காத்திருந்தார். வேலை முடிந்த பிறகு கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தால், நாற்காலியில் கால் தரையில் படாத ஒரு சின்னப் பெண் கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். இவளா அந்தக் குரல் என்று இவர் நின்ற நிற்பைப் பார்த்து, "லிஃப்ட் ரெடியாயிடுச்சா, இல்ல நீங்க மாட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். கல்யாணத்தன்று நண்பர்கள் சொன்ன வாழ்த்து இன்றைக்கும் சொந்தத்தில் வழங்குகிறது: ஊமையன் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டான்.

பெரியவள் பிறந்த பிறகு இந்தக் காரை வாங்கினார்கள். இவர்களுக்கு முன்பே யாரோ ஓட்டித் தேய்த்த கார். சின்னவனும் வந்து சேர்ந்ததும் நீண்ட பயணம் என்பது ஒரு போர்க்களமாயிற்று. அவனுக்கு வளைவு வந்தால் வாந்தி வரும்; நேர்ச்சாலை வந்தால் சண்டை வரும். அதனால் அவள் பின்சீட்டில் இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டாள். முன்சீட்டில் துணிப்பையும் தண்ணீர்க் குடமும் உட்கார்ந்தன. "வாடகைக் கார்க்காரன் மாதிரி ஆயிட்டேன்" என்று அவர் ஒருமுறை முணுமுணுத்தார். பின்னாலிருந்து உடனே அறிவிப்பு வந்தது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஓட்டுநர் வாய் திறந்துள்ளார். இந்த அரிய காட்சியை இடது, வலது சன்னல்களில் காணலாம்."

அறிவிப்புதான் அவளுடைய ஆயுதம். "சின்னவரின் இடது கால் எல்லை தாண்டி அக்காவின் மடியில் நுழைந்துள்ளது. காலின் உரிமையாளர் உடனடியாக வந்து பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்." சின்னவன் சிரித்துக்கொண்டே காலை எடுத்துவிடுவான். அதே விஷயத்தை அம்மாவாகச் சொல்லியிருந்தால் இன்னொரு காலையும் போட்டிருப்பான். "ஓட்டுநர் நெடுநேரமாகச் சத்தமில்லாமல் இருக்கிறார். உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய ஒருமுறை ஹாரன் அடிக்கவும்." அவர் அடிப்பார். பின்னால் கைதட்டல் விழும்.

அதுவும் சலித்துப்போனால் லாரிக் கதை. முன்னால் போகிற லாரியில் ஒன்றைப் பிடித்துக்கொள்வாள். அந்த ஓட்டுநருக்கு எத்தனை பிள்ளைகள், தார்ப்பாய்க்கு அடியில் என்ன சுமை, அவர் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறார், வீட்டில் யாரோடு கோபம், எல்லாவற்றையும் மூன்று பேரும் சேர்ந்து முடிவுசெய்வார்கள். முந்திப்போகும்போது முகத்தைப் பார்த்துச் சரியா தப்பா என்று தீர்ப்பு. ஒருமுறை, மாமியாருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடுகிறவர் என்று இவர்கள் தீர்மானித்த லாரிக்காரர், முந்தும்போது இவர்களைப் பார்த்து விசிலடித்துக் கையாட்டினார். "பாவம், தப்பிச்சிட்ட சந்தோஷம்" என்றாள்.

மௌனப் போட்டியும் உண்டு. அதில் அப்பாவைச் சேர்க்கக்கூடாது. பிறவியிலேயே அதில் பட்டம் வாங்கியவர் என்று விலக்கி வைத்திருந்தார்கள்.

ஆனால் விளையாட்டுக்கெல்லாம் மேலே ஒரு சட்டம் இருந்தது. பெரியவளுக்கு நாலைந்து வயதிருக்கும்போது வந்தது அது. குறுக்குவழி என்று மெக்கானிக் ஒரு பாதையில் திருப்பிவிட, அது ஒரு செங்கல் சூளையில் போய் முட்டி நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் வார்த்தைக்கு வார்த்தை தடித்துப்போனார்கள். திரும்பிப் பார்த்தால் பிள்ளை இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தது. "நிறுத்துங்க. எறங்குங்க" என்றாள் அவள். இரண்டு பேரும் இறங்கி, டிக்கிக்குப் பின்னால் நின்று, மிச்சச் சண்டையை அங்கே முடித்துவிட்டு ஏறினார்கள். அன்றைக்கு அறிவித்தாள்: "இனி இந்த வண்டியில் சண்டையும் கெட்ட சேதியும் ஏற்றப்பட மாட்டாது. அவை இறங்கி நின்று பேசப்படும்."

விளையாட்டாக வந்தாலும் சட்டம் சட்டம்தான். அவளுடைய அப்பா இறந்த தகவல் ஒரு பயண நடுவில்தான் வந்தது. காரை நிறுத்தச் சொன்னாள். டிக்கிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். குடிதண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, பாதியில் விட்ட லாரிக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். சின்னவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரியவள் பின்கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் அம்மாவுக்கே வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது, காரை ஓர் ஏரிக்கரையில் நிறுத்தி, பிள்ளைகளை இறக்கி வைத்துத்தான் சொன்னார்கள்.

அக்கா வீட்டு வாசலில் கார் நின்றதும் அக்காதான் முதலில் வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். முந்தானை வாய்க்குப் போனது.

"அழாதக்கா. உள்ள புள்ளைங்க."

"எப்போ?"

"இப்பதான்."

"நானும் கூட வரேன்டா. நீ தனியா எப்படி ஓட்டுவே?"

"நீ மாமாவோட பின்னால வா. நீ ஏறினா அழுவே. அப்புறம் வண்டி பூரா அழுகைதான்."

அக்கா மறுக்கவில்லை. ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். "தெருவுல நாற்காலி போட்டிருப்பாங்கடா. ஜனம் நிக்கும். அதப் பாத்துப் புள்ளைங்க தெரிஞ்சுக்கக் கூடாது. தெரு திரும்புறதுக்குள்ள நீ சொல்லிடணும்."

"சொல்லிடறேன்."

"உனக்கு எப்படிடா வாய் வரும்?"

அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் வந்தார்கள். சின்னவன் கையிலிருந்த பொம்மை லாரியை அப்பாவின் கால்மேல் ஏற்றி இறக்கினான். பெரியவள், "அம்மா எப்படிப்பா இருக்காங்க?" என்று கேட்டாள்.

"ஏறும்மா, நேரமாச்சு."

அவள் அத்தையைப் பார்த்தாள். அத்தை சட்டென்று குனிந்து, ஏற்கனவே மூடியிருந்த பையின் ஜிப்பைத் திறந்து மறுபடி மூடினாள். பெரியவள் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஏறி, வலது சன்னலோரம் உட்கார்ந்து, பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டாள். சின்னவன் இடது சன்னல். நடுவில் இடம் காலியாக இருந்தது. இரண்டு பேருக்கும் தாராளமாகப் பரப்பிக்கொள்ள வசதி இருந்தும் ஒருவர் காலும் அங்கே போகவில்லை.

ஊர் எல்லை தாண்டியதும் சின்னவன் பொம்மை லாரியை எதிரே தொங்கிய துணிப்பையில் போட்டான். அது அடிவழியாக நழுவிக் காலடியில் விழுந்தது. எடுத்துப் போட்டான். மறுபடி விழுந்தது.

பழைய ஜன்னல் திரையைக் கிழித்து அம்மா தைத்த பைகள் அவை. கார் ஓடும்போது பிள்ளைகளின் சாமான் உருண்டு தொலைகிறதென்று, முன்சீட்டுகள் இரண்டின் முதுகிலும் தொங்கவிட ஆளுக்கொன்று. பெரியவளுடையது முடிந்துவிட்டது. சின்னவனுடையதில் அடித்தையல் மட்டும் பாக்கி. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, முடிக்காமலே கொண்டுவந்து மாட்டினாள். "கண்ணு முன்னால தொங்கினாத்தான் மறக்காம தைப்பேன்" என்றாள். நூல் கோத்த ஊசியைத் துணியின் ஓரத்தில் குத்தி, பிள்ளையைக் கீறிவிடாமலிருக்க முனையில் ஒரு ரப்பர் துண்டைச் செருகி வைத்திருந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லித் தைக்கச் சொல்லணும்" என்றான் சின்னவன்.

முன்னால் பதில் இல்லை. அது வழக்கம்தான் என்பதால் அவன் கவனிக்கவில்லை.

"அப்பா, அறிவிப்பு சொல்லுங்க."

"எனக்கு வராதுடா."

"சும்மா சொல்லுங்க. கனிவான கவனத்திற்கு. அதான் ஆரம்பம். அப்புறம் வாய்ல வர்றதச் சொல்லணும்."

வாயில் வரக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவர் ஹாரன் அடித்தார். ஆளில்லாத சாலையில் அது வெட்டியாக ஒலித்தது. சின்னவன் சிரித்தான். "அப்பா உயிரோட இருக்காரு" என்றான் அக்காவிடம். அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

வழக்கமாக நிற்கிற டீக்கடையில் நிறுத்தினார். கடைக்குப் பின்னால் ஒரு சிமெண்டு மேடையும் கொஞ்சம் நிழலும் உண்டு. அங்கே உட்கார வைத்துச் சொல்லிவிடுவது என்று வழி நெடுக யோசித்து வைத்திருந்தார். முதலில் பெரியவளிடம். பிறகு அவளை வைத்துக்கொண்டு சின்னவனிடம்.

"எறங்கும்மா."

"நான் எறங்கல."

"பன் வாங்கித் தரேன்."

"பசிக்கல."

"பாத்ரூமாவது போயிட்டு வா. அப்புறம் வழியில இடம் கெடையாது."

"வரல."

சின்னவன் மட்டும் இறங்கினான். பாலும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். "பாப்பா வரலியா?" என்று கடைக்காரர் கேட்டார். இவர்களை முகம் தெரிந்து வைத்திருக்கிறவர். "ஒலிபெருக்கியம்மாவும் வரல போலிருக்கு. கடையே அமைதியா இருக்கு."

"ஆமா" என்றார். டம்ளரை வைத்துவிட்டுக் காரைப் பார்த்தார். பெரியவள் பெல்ட் போட்டபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் திறக்கப்படாமல் இருந்தது. அத்தை நிரப்பிக் கொடுத்த மட்டத்திலேயே இருந்தது.

மறுபடி சாலை. வெயில் சாயத் தொடங்கியது. முன்னால் ஒரு லாரி, வைக்கோல் ஏற்றியது, ஆடி ஆடிப் போனது. "லாரிக் கதை" என்றான் சின்னவன். யாரும் தொடங்கவில்லை. அவனே தொடங்கினான். லாரிக்காரருக்கு நூறு பிள்ளைகள் என்றான். அதற்கு மேல் ஓடவில்லை. "அம்மா இருந்தா நல்லாச் சொல்லுவாங்க" என்று விட்டுவிட்டான்.

அவர் தொண்டையைச் செருமினார். சட்டம் கிடக்கட்டும், ஓட்டிக்கொண்டே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபம். "அம்மா வந்து..." என்று வாயெடுத்தார்.

"தம்பி, மௌனப் போட்டி" என்றாள் பெரியவள் வேகமாக. "ஒண்ணு ரெண்டு மூணு."

"அப்பாவச் சேக்காத. அப்பாதான் ஜெயிப்பாரு."

"இன்னிக்கு அப்பாவும் உண்டு. யாரும் எதுவும் பேசக்கூடாது. வீடு வர வரைக்கும்."

"வீடு வர வரைக்குமா? அவ்ளோ நேரம் எனக்கு வராது."

"நீ வேணா பேசிக்கோ. அப்பா பேசக்கூடாது."

கண்ணாடியில் அவள் கண்ணைப் பார்த்தார். அவளும் கண்ணாடியில் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பசி இல்லாமல் இல்லை. தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் இறங்க வேண்டியிருக்கும். இறங்கினால் சேதி சொல்லிவிடுவார்கள். இந்த வண்டிக்குள் இருக்கிற வரை கெட்ட சேதி ஏற முடியாது. அம்மா போட்ட சட்டம். அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை தொண்டை காய உட்கார்ந்திருக்கிறது.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் கதவைத் தட்டுவதில்லை. சிலர் பயத்தில் உள்ளேயிருந்து கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வதும் உண்டு. வெளியே என்ன இருக்கிறதோ என்ற பயம். அப்போது மல்லுக்கு நின்று கதவை இழுக்கக்கூடாது. விரல் நசுங்கும். அது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சாலை குறைந்துகொண்டே வந்தது. நகரத்தின் தண்ணீர்த் தொட்டி தொலைவில் தெரிந்தது. அதன்பின் பாலம், அப்புறம் சந்தைச் சாலை, அப்புறம் தெரு.

நகரத்துக்கு வெளியே லாரிகளை நிறுத்தி எடை போடுகிற மேடை ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் காரை நிறுத்தினார். சின்னவன் கன்னத்தைச் சன்னலில் வைத்துத் தூங்கிப்போயிருந்தான். எஞ்சினை அணைத்தார். பெரியவளை இறங்கச் சொல்லவில்லை. தான் மட்டும் இறங்கி, கதவைச் சாத்தி, சுற்றி வந்து டிக்கிக்குப் பின்னால் நின்றார். எத்தனையோ தடவை மனைவியோடு சண்டை போட்ட இடம். அப்போதெல்லாம் எதிரில் ஓர் ஆள் இருந்தது.

பெல்ட்டை அவிழ்க்காமலே பெரியவள் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணாடிக்குக் கிட்டே குனிந்தார்.

"நான் வெளியிலதான் நிக்கிறேன்" என்றார். "அவசரமில்ல."

அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. லாரிகள் ஒவ்வொன்றாக மேடை ஏறி இறங்கின. ஓர் ஓட்டுநர் சன்னலில் கைவைத்துக்கொண்டு, வண்டி பழுதாகி நிற்கிறதா என்று சைகையில் கேட்டார். இவர் இல்லையென்று தலையசைத்தார். வெளிச்சம் மங்கியது. லாரிகளின் விளக்குகள் எரியத் தொடங்கின.

கதவு திறந்தது. தம்பி எழுந்துவிடாமல் அதை மெதுவாகச் சாத்தினாள். சுற்றி வந்து அப்பாவின் பக்கத்தில், டிக்கியில் முதுகைச் சாய்த்து நின்றாள். 

"நான் எறங்காம இருந்தா..." என்றாள். 

"தெரியும்மா."

"எப்போ?"

"நான் உங்களக் கூப்பிட வந்தப்போ. அத்தை ஊருக்குள்ள வந்துட்டேன். ஆஸ்பத்திரியிலேருந்து மாமா போன் பண்ணினாரு. அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க."

அழைத்து வரச் சொன்னது அம்மாதான் என்பதையும் சொன்னார். பாக்கணும் போல இருக்கு என்று கேட்ட அந்த வார்த்தைகளையே சொன்னார். அத்தனை வார்த்தைகள் அவர் மகளிடம் ஒரே மூச்சில் பேசியது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். அவள் அவர் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டாள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வேலைச் சட்டை. வீட்டுக்குப் போய் மாற்ற நேரமில்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே கிளம்பியிருந்தார்.

பிறகு அவளாகவே காரைத் திறந்து பாட்டிலை எடுத்து, மடமடவென்று குடித்தாள். மிச்சத்தில் முகம் கழுவினாள். ஏறும்போது சன்னலோரம் போகவில்லை. நடுவில் உட்கார்ந்து தம்பியின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பஸ் ஸ்டாண்டு வழியா வேணாம்ப்பா" என்றாள்.

அந்த வழியாகப் போனால் மூன்று சன்னலையும் இறக்கிவிட்டு அம்மாவின் குரலுக்குக் காது கொடுப்பது இவர்கள் வழக்கம். மெக்கானிக் சுற்றுவழியில் திருப்பினார். குலுங்கலில் சின்னவன் எழுந்துவிட்டான். எங்கே வந்திருக்கிறோம் என்றான். லாரி எங்கே என்றான்.

"வைக்கோல் லாரிதானே? அது தனியாப் பிரிஞ்சு போயிடுச்சு" என்றாள் பெரியவள்.  "அந்த நூறு புள்ளைங்களும் வாசல்ல நின்னுக்கிட்டிருக்கு. யாருக்கு முதல்ல அப்பா மடின்னு சண்டை."

"யாரு ஜெயிச்சா?"

"கடைசிப் புள்ள. அது லாரி நிக்கிறதுக்கு முன்னாலயே ஏறிடுச்சு."

மெக்கானிக் முன்னால் தனியாக இருந்தார். பக்கத்துச் சீட்டில் அத்தை கட்டிக் கொடுத்த பைகள். பின்னாலிருந்து கதை வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமலிருந்தால், ஒரு நிமிஷம், எல்லாம் பழையபடிதான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தெரு திரும்புவதற்கு முன்னால், பூட்டிக் கிடந்த ஒரு மருந்துக்கடையின் ஓரத்தில் நிறுத்தினார். மூன்று பேரும் இறங்கினார்கள். டிக்கிக்குப் பின்னால் சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். இந்த முறை அவர் யோசித்து வைத்த வார்த்தை எதுவும் இல்லை. இருந்ததைச் சொன்னார். சின்னவன் அப்பாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அவள் அழாமல் நிற்பதைக் கவனித்தான்.

"இவளுக்கு முன்னாலயே தெரியுமா?" என்று கேட்டான்.

"கொஞ்ச நேரம் முன்னால சொன்னேன்டா."

"இவளுக்கு மட்டும் ஏன் முதல்ல சொன்னீங்க?" என்றவன் அப்போதுதான் அழ ஆரம்பித்தான். அக்கா அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, காரை அங்கேயே விட்டுவிட்டு, நாற்காலிகள் போட்டிருந்த தெருவுக்குள் மூன்று பேரும் நடந்து போனார்கள்.

கார் இப்போதும் அவரிடம் இருக்கிறது. விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போகிறார்கள். பெரியவள் நடுவில் உட்காருகிறாள். வளைவுகளில் சின்னவனின் நெற்றியைப் பிடித்துக்கொள்கிறாள். சில நாள் லாரிக் கதை உண்டு. சில நாள் கிடையாது. அறிவிப்பை மட்டும் யாரும் தொடவில்லை. வெகுநேரம் பின்னால் சத்தமே இல்லாமல் போனால், மெக்கானிக் தானாக ஒருமுறை ஹாரன் அடிக்கிறார்.

சின்னவன் தன் பொம்மை லாரியைக் கையிலேயே வைத்துக்கொள்கிறான். அந்தப் பையைத் தைத்துத் தருவதாக அத்தை இரண்டு தடவை கேட்டுவிட்டாள். முன்சீட்டின் முதுகில் அது அப்படியே தொங்குகிறது. ஊசி முனையில் ரப்பர் துண்டு இருக்கிறது. அடித்தையல் இன்னும் போடப்படவில்லை.